‘இன்னொரு தபா மிஸ்!’: சின்னப் பிள்ளைகள் திரும்பக் கேட்ட வகுப்பறை விளையாட்டுகள்

காசிமேடு டீச்சர்:
ஒண்ணாம் வகுப்பு எடுக்கிறவங்க, எல்கேஜி யுகேஜி மிஸ்கள், அங்கன்வாடி அக்காக்கள் எல்லாரும் வாங்க. பயிற்சியில சொல்லிக் கொடுத்தது வேண்டாம், யூடியூப்ல பார்த்ததும் வேண்டாம். நீங்களே செஞ்சு, மறுநாள் பிள்ளைங்களே "இன்னொரு தபா மிஸ்"னு கேட்ட விளையாட்டை மட்டும் எழுதுங்க. காசு செலவு ஆகக் கூடாது. ராத்திரி உக்காந்து சார்ட் வெட்டுற வேலையும் கூடாது.

முதல்ல என்னோடது. எங்க பிள்ளைங்க பல பேர் வீட்ல மீன் தொழில்தான். புத்தகப் படத்தைக் காட்டி ‘வ’ சொன்னா கொட்டாவி விடுவாங்க. ஒரு நாள் பேச்சுவாக்குல "நேத்து வீட்ல இன்னா மீனு?"ன்னு கேட்டேன், வகுப்பே எழுந்து நின்னுடுச்சு. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி, காரப்பொடி, கிழங்கான், சுறா, இறால், நண்டுன்னு ஆளுக்கொண்ணு கத்துறாங்க. பலகை முழுக்க எழுதி, முதல் எழுத்தை மட்டும் கலர் சாக்பீஸ்ல போட்டேன். வஞ்சிரமும் வவ்வாலும் ஒரே எழுத்துல ஆரம்பிக்குதுன்னு நான் சொல்லல, அவங்களே கண்டுபிடிச்சாங்க.

அதுலேர்ந்து வந்ததுதான் ‘ஏலம்’. எழுத்து எழுதின சீட்டெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில. ஒரு பிள்ளை ஏலக்காரர். அவர் ஒரு சீட்டை எடுத்துத் தூக்கிக் காட்டுவார். அந்த எழுத்துல யாரு முதல்ல ஒரு சொல் சொல்றாங்களோ ‘மீன்’ அவங்களுக்கு. ஒருத்தர் சொன்ன சொல்லை இன்னொருத்தர் சொல்லக் கூடாது.

ஒரு பையன் இருக்கான். 12 எழுதச் சொன்னா 21 எழுதுவான். அவன் ஏலக்காரர் ஆனான் பாருங்க, சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, ஒரு காலை முன்னாடி வெச்சு, "ஐநூறு, ஐநூத்தம்பது, அறநூறு, அறநூத்தம்பது"ன்னு மூச்சு விடாம போறான்! ஐம்பது ஐம்பதா தாண்டுறது அவன் வாயில ஊறிக் கிடக்கு, நோட்டுலதான் இல்ல. அன்னைக்கே ஒரு ரூபா, அஞ்சு ரூபா, பத்து ரூபான்னு சீட்டு போட்டு அவனுக்குக் கணக்கை அந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சேன்.

பெரம்பூர் யுகேஜி மிஸ்:
ஏலம் சூப்பர் மேடம். எங்க பக்கம் மீன் செல்லாது, பஸ்தான். நாற்காலியை ரெண்டு ரெண்டா போட்டா 29சி ரெடி. பெரம்பூர்ல ஏறி பெசன்ட் நகர் வரைக்கும் போகணும். கண்டக்டர் கையில எண் சீட்டு, சீட்லயும் எண். டிக்கெட்ல 7 இருந்தா ஏழாம் நம்பர் சீட்டைத் தேடி உக்காரணும். விசில் ஊதினா ரெண்டு பேர் இறங்கி மூணு பேர் ஏறுவாங்க, இப்ப பஸ்ல எத்தனை பேர்? இதுக்கு மேல கூட்டல் கழித்தலுக்கு விளக்கம் தேவையே இல்ல.

ஆனா என் தலைவலி வேற. இப்படி நாள் முழுக்க செஞ்சுட்டு அனுப்பினா சாயந்தரம் வாட்ஸ்அப்ல "மிஸ், இன்னைக்கு நோட்டுல ஒண்ணுமே எழுதலையே?" நிர்வாகமும் ஃபோர் லைன் நோட்டு எத்தனை பக்கம் முடிஞ்சுதுன்னுதான் கேக்குது. நாலரை வயசுப் பிள்ளைக்கு விரல்ல அந்த பலமே இன்னும் வரல. பென்சிலைக் கத்தி மாதிரி பிடிச்சு அழுத்துறாங்க, பக்கம் கிழியுது.

தண்டையார்பேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியை:
பெரம்பூர் மிஸ், எழுத்துக்கு முன்னால் விரலுக்கு வேலை கொடுங்கள் அம்மா. துணி காயப் போடும் கிளிப்பை அழுத்தித் திறந்து கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள். பழைய செய்தித்தாளைக் கத்தரி இல்லாமல் விரலாலேயே நீளமாகக் கிழிக்கச் சொல்லுங்கள். சப்பாத்தி மாவைப் பிசைந்து பாம்பு போல் உருட்டி, அந்தப் பாம்பை வளைத்து ‘ட’ செய்யட்டும். இவையெல்லாம் பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல்களுக்கான பயிற்சிதான். அம்மாக்களுக்கும் இதையே வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்: சின்ன வெங்காயத்தையும் பெரிய வெங்காயத்தையும் பிரித்து வைத்தல், பட்டாணி உரித்தல். ‘வீட்டுப்பாடம்’ என்ற பெயர் இருந்தால் போதும், பாதிப் பேர் சமாதானம் ஆகிவிடுவார்கள்.

எழுத்து வரிசையையும் ‘அ’வில் தொடங்கியே தீர வேண்டும் என்றில்லை. ‘அ’ எவ்வளவு சுழி, எவ்வளவு வளைவு! ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடு. புள்ளியையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே பிள்ளை சொல் படித்துவிடும். தான் படித்துவிட்டோம் என்று அதற்குத் தெரிவது பெரிய விஷயம்.

இப்போது எல்லாரும் விளையாட்டு வழி என்பதைப் புதிதாக வந்தது போலப் பேசுகிறீர்கள், அதனால் கொஞ்சம் பழங்கதை. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில்தான் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் நடந்த முறையைப் பார்த்துவிட்டு வந்து இங்கே கொண்டுவந்தார்கள். பிறகு மாநகராட்சிப் பள்ளிகள் முழுக்கப் பரவி, 2007-08-ல் மாநிலம் முழுவதும் போனது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தோம். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப்பந்தல், அதில் அவர்கள் வரைந்தவை தொங்கும். காலையில் வந்ததும் அவரவர் வருகையை அவரவரே குறிக்க வேண்டும், அன்றைய வெயிலா மழையா என்று காலநிலை அட்டவணையிலும் குறிக்க வேண்டும். பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படப் பலகையில் தன் அட்டை எது என்று பார்த்து அதைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. அட்டைகள் தொலையும், நாற்பது பிள்ளைகள் நாற்பது படியில் நிற்பார்கள், ஆசிரியை ஒருத்திதான். சில வகுப்புகளில் அட்டையை எடுத்து வைப்பதே பாடமாகிப் போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாழ்ந்த கரும்பலகையை மட்டும் நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆளுக்கு ஒரு கட்டம், பெயர் எழுதி ஒதுக்கிவிட்டால் சண்டை கிடையாது. தப்பாக எழுதினால் உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடி. நோட்டில் அடித்தால் தெரியும் அசிங்கம் இங்கே கிடையாது. உங்கள் பள்ளியில் இல்லையென்றால் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கரும்பலகை பெயின்ட் அடிக்கக் கேளுங்கள்.

காசிமேடு டீச்சர்:
அம்மா, எங்க பள்ளியில அந்தப் பலகை இன்னும் இருக்கு. அது மேல பீரோவை நிறுத்தி வெச்சிருக்காங்க! நாளைக்கே நகர்த்தச் சொல்றேன்.

வியாசர்பாடி அக்கா:
நான் டீச்சர் இல்ல, இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா சேர்ந்தேன். கொரோனா காலத்துல பிள்ளைங்க விட்டதை ஈடுகட்டத்தான் 2021-ல அதைத் தொடங்கினாங்க. சாயந்தரம் ரெண்டு மணி நேரம், எங்க வீட்டு மொட்டை மாடி. எதிர்ல கிரவுண்டுல ஃபுட்பால் நடக்கும், பசங்க கண்ணு பூரா அங்கதான். உக்கார வெச்சா வேலைக்கு ஆகாதுன்னு நின்னுக்கிட்டே படிக்கிற விளையாட்டா ஒண்ணு பண்ணேன்.

உயிர்மெய் எழுத்துல பிள்ளைங்க தடுமாறுறது கொம்புலதான். எழுதும்போது கொம்பு முன்னாடி வருது, சொல்லும்போது சத்தம் பின்னாடி வருது. அதனால பசங்களையே எழுத்தா நிக்க வெச்சேன். ஒருத்தன் கழுத்துல ‘க’ அட்டை. துணைக்கால் போட்டவன் அவனுக்கு வலப்பக்கம் வந்து நின்னா ‘கா’. (பார்க்கிறவங்களுக்கு வலப்பக்கம். இதை முதல்லயே தெளிவா சொல்லிடுங்க, இல்லேன்னா எல்லாம் தலைகீழாயிடும்.) ஒற்றைக்கொம்பு இடப்பக்கம் வந்தா ‘கெ’. ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் வந்தா ‘கொ’. அதுல ஒற்றைக்கொம்புக்குப் பதிலா இரட்டைக்கொம்பு வந்தா ‘கோ’. எதிர்ல உக்காந்திருக்கிறவங்க கத்திப் படிக்கணும்.

இதுல பெரிய ஹிட் ‘தோசை’. இரட்டைக்கொம்பு, த, துணைக்கால், இணைக்கொம்பு, ச. அஞ்சு பேர் வேணும். "அக்கா நாங்க தோசை, அக்கா நாங்க தோசை"ன்னு தள்ளுமுள்ளு. நடுவுல இணைக்கொம்புக்காரன் ‘ச’வுக்குப் பின்னாடி போய் நின்னுட்டா எதிர்ல இருக்கிறவங்க "தப்பு, தப்பு, கருகிடுச்சு"ன்னு கத்துவாங்க. யாரு சொல்லிக் கொடுத்தாங்களோ தெரியல, இப்ப எந்தச் சொல் தப்பா நின்னாலும் ‘கருகிடுச்சு’தான்.

ஒரு எழுத்தைத் தாண்டினா பிள்ளை சோர்ந்து போகும்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தெரியல. மொத்தம் 247-ஐயும் சார்ட்டா மாட்டி மனப்பாடம் பண்ணச் சொன்னாத்தான் சோர்ந்து போறாங்க. குறியீடு எல்லாம் ஒரு டஜன்கூட இல்லையே, அது பிடிபட்டுட்டா மீதி தானா வருது.

திருவொற்றியூர் அங்கன்வாடி:
எங்ககிட்ட வர்றதுங்க இன்னும் பொடிசு, எழுத்தெல்லாம் கிடையாது, விரலால கோடு போடுறதுதான். அதுக்குத் தட்டுல என்ன பரப்பலாம்னு எல்லாத்தையும் பார்த்தாச்சு. ரவையைத் தின்னுடுதுங்க. தூள் உப்பு விரல்ல சின்னக் கீறல் இருந்தாலும் எரியுது. கடைசியா கடற்கரை மணலைச் சலிச்சு, கழுவி, வெயில்ல காய வெச்சு எவர்சில்வர் தாம்பாளத்துல போட்டேன். அழிக்கணும்னா தட்டை லேசா ஆட்டினா போதும். கோடு போடுறதை விட ஆட்டுறதுதான் அதுங்களுக்கு இஷ்டம், போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணிப் பார்க்க புளியங்கொட்டை, பட்டாணி, மணி இதையெல்லாம் நாலு வயசுக்குக் கீழ கையில குடுக்காதீங்க. எங்க தெருவுல ஒரு பாப்பா வீட்ல பல்லாங்குழி ஆடும்போது கொட்டையை மூக்குல போட்டுக்கிச்சு. வீட்ல ஹேர்பின்னால எடுக்கப் பார்த்தாங்க, அது இன்னும் உள்ள போயிடுச்சு. அப்புறம் ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டை டாக்டர்தான் எடுத்தார். அப்படி ஆனா பின்னு, விரலு எதையும் விடாம நேரா டாக்டர்கிட்ட போங்க.

கொருக்குப்பேட்டை அப்பா:
நானும் பேசலாமா? டீச்சர் இல்ல, கேரம் கிளப்ல உக்காந்து கெட்டுப்போன ஆளு. மூக்குல போகாத பொருள் வேணும்னா கேரம் காய் எடுங்க. நம்ம ஏரியாவுல பழைய காய் இல்லாத கிளப்பே கிடையாது, விளிம்பு உடைஞ்சதைக் கேட்டா சும்மாவே குடுப்பாங்க. கறுப்பு 9, வெள்ளை 9, சிவப்பு ராணி 1. என் பொண்ணுக்குக் கூட்டல் இதுலதான் வந்துச்சு. ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு, ராணியோட பத்தொன்பது. கறுப்பு வெள்ளையா மாத்தி மாத்தி அடுக்கச் சொன்னா ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது. 2024-ல அமெரிக்காவுல கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்குன காசிமா நம்ம வடசென்னைப் பொண்ணுதான், அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்க.

பெரம்பூர் யுகேஜி மிஸ்:
அண்ணா, செம ஐடியா. பத்துப் பத்தா அடுக்கினா இடமதிப்பும் வந்துடும். ஒரு கோபுரம், பக்கத்துல தனியா மூணு காய், பதிமூணு. தீக்குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுறதை விட இது சுலபம்.

எண்ணூர் டீச்சர்:
என் வகுப்புல வெளிமாநிலத்துலேர்ந்து வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்குத் தமிழ் பழக்குறேன்னு தனியா உக்கார வெச்சா முகமே வாடிப் போகுது. அதனால காலையில தண்ணி பாட்டிலை எண்ணும்போது ஒரு நாள் தமிழ், ஒரு நாள் இந்தியில எண்ணுவோம். இந்தி நாள்ல அந்தப் பையன்தான் எங்களுக்கு வாத்தியார். நான் வேணும்னே தப்பா சொல்லுவேன், திருத்துறதுல அவனுக்கு ஒரே குஷி. தமிழ் நாள்ல அவனை யாரும் கேலி பண்றது இல்ல.

இன்னொண்ணு கேக்கணும். அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைங்களை அவங்க கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு உக்கார வெச்சா, "நான் இன்னும் அரும்புதானா மிஸ்"னு கேக்குறாங்களே, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

காசிமேடு டீச்சர்:
பாடத்துக்கு மட்டும் அந்தப் பிரிவு. ஏலம், பஸ், தோசை எல்லாத்துக்கும் கலந்துதான். அதோட, ஒரு பிள்ளை எழுத்துல அரும்பா இருந்து கணக்குல மலரா இருக்கலாம், எங்க ஏலக்காரர் மாதிரி. அதைப் பிள்ளைகிட்ட நேராவே சொல்லிடுவேன்.

ஜூன்ல பள்ளி திறந்ததும் இன்னொரு வசதி உண்டு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். முதல் வாரத்துல அப்பாமார் பல பேர் கரையிலதான் இருப்பாங்க. ஒரு அப்பாவை வலையோட வரச் சொன்னேன். அவர் தரையில உக்காந்து கட்டை விரல்ல நூலை மாட்டி முடிச்சுப் போடப் போட, பிள்ளைங்க கண்ணியை எண்ணினாங்க. போகும்போது வலைத் துண்டு ஒண்ணு விட்டுட்டுப் போனார். இப்ப அதுல துணி கிளிப் மாட்டி விளையாடுறாங்க. தண்டையார்பேட்டை அம்மா சொன்ன விரல் பயிற்சி அங்கேயே நடக்குது.

எண்ணூர் டீச்சர்:
வியாசர்பாடி அக்கா, கழுத்துல மாட்டுற அட்டைக்கு என்ன பண்ணீங்க? சார்ட் பேப்பர் ரெண்டு நாள்ல கசங்கிடுது.

வியாசர்பாடி அக்கா:
சார்ட் வேண்டவே வேண்டாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில சட்டைக்கு உள்ள வெக்கிற அட்டை, புடவைப் பெட்டி எல்லாம் கேட்டா குடுப்பாங்க. பண்டிகை முடிஞ்ச வாரம் போங்க, மூட்டையாவே கிடைக்கும். மேல ரெண்டு ஓட்டை போட்டு, நூலுக்குப் பதிலா பழைய துப்பட்டாவைக் கிழிச்சுக் கட்டுங்க, கழுத்தை அறுக்காது. முடிச்சை லூசாப் போடுங்க, யாராவது பிடிச்சு இழுத்தா அவுந்துடணும். இணைக்கொம்பு மட்டும் ரெண்டு செட் எழுதி வெச்சுக்குங்க. தோசைக்கு ஒண்ணு, இட்லி வேணும்னு அழுறவங்களை ‘வடை’யில சேர்த்துச் சமாதானப்படுத்த ஒண்ணு.