கறுப்பு மணலில் வளரும் கற்பனைச் செடி: இரும்பு எப்படிக் கிடைக்கும்?

வணக்கம். பினாங்கில் நடக்கும் ஓர் அறிவியல் புனைகதை, மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும், பாதியில் நிற்கிறது. இடம் பத்து ஃபிரிங்கி மாதிரி ஒரு கற்பனைக் கடற்கரை. மணல் மட்டும் லங்காவியில் உள்ளதுபோல் கறுப்பு. அதில் செடி போன்ற ஓர் உயிர். கரும்பச்சைத் தண்டு, தொட்டால் விரலில் உப்புப்பொடி ஒட்டும். உப்புக்கு வழி கிடைத்துவிட்டது: வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையில் இருப்பதுபோல் சுரப்பிகள்.

இரும்புதான் இடிக்கிறது. அந்தக் கறுப்பு மணலில் இருப்பது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட் என்ற கனிமம், அது லேசில் கரையாது. வேர் அமிலம் சுரப்பதாக எழுதிப் பார்த்தேன், காரத்தன்மையுள்ள கடல்நீர் அதை முறித்துவிடும். அப்புறம் சபாவில் நிக்கலைச் சேர்த்துவைக்கும் செடிகளைப் பற்றிப் படித்தேன். சாறே பச்சை, அவ்வளவு அழகு! ஆனால் அவை கடலோரச் செடிகள் அல்ல. படிக்கப்போவது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், மாயம் என்று சொல்லித் தப்பிக்க மனமில்லை.

அலை நனைக்கும் மணலில் இல்மனைட்டிலிருந்து இரும்பைப் பிரித்துக் கொடுப்பது வேரோடு வாழும் பாக்டீரியா என்று எழுதினால், அறிவியல்படி நிற்குமா?