ஸ்பெயினின் அல்பராசின் மலையூர்: காடி (கார்) எடுப்பதா, பஸ்ஸா?

பாயான்லெப்பாஸ்வாசி: வணக்கம். அக்டோபரில் வலென்சியாவிலிருந்து அல்பராசின் போகிறோம், அம்மாவும் கூட வருகிறார். எங்கள் மலேசிய லைசென்ஸ் டிஏ. சைவச் சாப்பாடு கிடைக்குமா?

செந்தூல்_காரன்: டிஏ என்றால் ஆட்டோ காடி மட்டும்தான். அங்கே வாடகைக் காடிகளில் பெரும்பாலும் மேனுவல், அதனால் ஆட்டோவை இப்போதே புக் பண்ணுங்கள். ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். தெருவேல் நகர் வரை ரயில், அங்கிருந்து சுமார் 38 கிலோமீட்டர். பஸ் மிகக் குறைவு. திரும்பும் நேரத்தைப் பார்க்காமல் ஏறினால் இரவு அங்கேதான். விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் தங்கலாம்.

தைப்பிங்_அக்கா: காடியை மேலே ஏற்றாதீர்கள் தம்பி, சந்துகள் அவ்வளவு குறுகல். கீழே ஆற்றோரம் நிறுத்திவிட்டு நடங்கள். ஏற்றக் கற்கள் தேய்ந்து வழவழப்பானவை; மழை பெய்தால் செருப்பு வழுக்கும், அம்மாவுக்கு ரப்பர் அடி ஷூ. மதில் உச்சிக் கோபுரம் ஏறுவது அவருக்கு வேண்டாம். செம்மண் நிறச் சுவர்கள் சாயங்கால வெயிலில்தான் அழகு. உயரம் சுமார் 1,170 மீட்டர், நம் கேமரன் மலையைவிடத் தாழ்வுதான்; ஆனாலும் இரவுக் குளிர் வேறு ரகம்.

செந்தூல்_காரன்: சாப்பாடுதான் சிக்கல். "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்றாலும் பன்றித்தொடைத் துண்டோ டூனாவோ வந்து விழும். "சின் ஹமோன், சின் அத்தூன்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மிகாஸ் வெறும் ரொட்டித்தூள் போலத் தெரியும், உள்ளே பன்றிக்கொழுப்பு. மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல்தான். காலையில் பசியாறியதும் கையில் பழம் வைத்துக்கொள்ளுங்கள்.