கரோட்டிட் ஸ்டென்ட் வைத்த மூன்றாம் நாள் தலைவலி: பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி (வார்டு செவிலியர்):
நோயாளிக்கு இடது கரோட்டிட்டில் (மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி) 90% அடைப்பு, ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தாகிவிட்டது. மூன்றாம் நாள் இடது பக்கம் மட்டும் தலைவலி, பிபி 170/100. கை கால் பலம், பேச்சு எல்லாம் சரி. பாராசிட்டமால் கொடுத்துவிட்டுப் பொறுக்கலாமா?

பதில் 1:
வேண்டாம், டூட்டி டாக்டரை உடனே கூப்பிடுங்கள். ஸ்டென்ட் வைத்த பக்கமே வலி, கூடவே பிபி ஏற்றம் என்றால் வேறு காரணம் நிரூபணம் ஆகும்வரை ஹைப்பர்பெர்ஃபியூஷன்தான் (மூளைக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாய்வது). நெடுநாள் ரத்தம் குறைவாக வந்ததால் அந்தப் பக்கத்து நுண்தமனிகள் விரிந்தபடியே பழகியிருக்கும்; சுருங்க மறந்துபோன குழாய்க்குள் திடீரென்று முழு அழுத்தம் பாய்கிறது. தலைவலி, அடுத்து வலிப்பு, பிறகு ரத்தக்கசிவு. ஒரு மாதம் வரைகூட வரலாம்.

சிடி எடுக்க வேண்டும். மேல் பிபி 140க்குக் கீழே இருக்கட்டும். பிபியையும் நாடியையும் குறைக்கும் லேபிடலால் 10 முதல் 20 மி.கி. நரம்பு வழியாக மெதுவாகத் தரலாம், ஆனால் முதலில் நாடியைப் பாருங்கள். பிபிக்குத் தரும் நைட்ரோகிளிசரின் மூளைக் குழாய்களை இன்னும் விரிக்கும், தவிர்ப்பதே நல்லது.

பதில் 2:
சிடி பார்க்காமல், ரத்தக்கட்டியைத் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து குறைந்தது 4 வாரம் போக வேண்டும். இடையில் விட்டால் ஸ்டென்ட்டே ரத்தக்கட்டியால் அடைபடலாம். கசிவு தெரிந்தால் மட்டும் அது வேறு கணக்கு.

வலியே இல்லாமல் சட்டென்று கை விழுந்தாலோ வாய் கோணினாலோ துகள் அடைப்பைத்தான் (உதிர்ந்த படிவு மூளைக் குழாயை அடைப்பது) முதலில் நினைக்க வேண்டும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். வயர் அடைப்பைத் தாண்டும்போதும் பலூன் ஊதும்போதும் படிவு உதிர்கிறது. துகளைப் பிடிக்கும் ஃபில்டர் போட்டாலும் பொடித்துகள் நழுவிவிடும். வயதானவர்களுக்கு வளைந்து நெளிந்த பெருந்தமனி வளைவு வேறு, அதனால் துகள் உதிரும் வாய்ப்பு கூடும். ஸ்டென்ட்டையும் கரோட்டிட் அறுவை சிகிச்சையையும் ஒப்பிட்டு 2010இல் வந்த கிரெஸ்ட் ஆய்வில் சிகிச்சையையொட்டிய பக்கவாதம் ஸ்டென்ட்டில் 4.1%, அறுவை சிகிச்சையில் 2.3%. மாரடைப்பில் கணக்கு நேர்மாறு: 1.1%, 2.3%.

பதில் 3:
முதல் நாளில் பிபி தலைகீழாகவும் போகும். பலூன் கரோட்டிட் சைனஸை (அந்தத் தமனியில் பிபியை உணரும் இடம்) அழுத்துவதால் நாடியும் பிபியும் சரியும், சிலருக்கு ஓரிரு நாள் நீடிக்கும். பழைய பிபி மாத்திரைகளை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

இன்னொன்று, சில மணி நேரத்திலேயே குழப்பமும் பார்வை மங்கலும் வந்து, சிடியில் மூளை மடிப்புகள் வெள்ளையாகத் தெரிந்தால் ரத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம். படமெடுக்கச் செலுத்திய கான்ட்ராஸ்ட் மருந்து கசிந்திருக்கலாம். டூயல் எனர்ஜி சிடி (இரண்டு எக்ஸ்ரே ஆற்றலில் எடுப்பது) இரண்டையும் பிரித்துக் காட்டும். அது இல்லாவிட்டால் 24 மணி நேரம் கழித்துத் திரும்ப எடுங்கள். கான்ட்ராஸ்ட் என்றால் பெரும்பாலும் வடிந்திருக்கும்.