பெரியம்மாவின் பழைய டிவியும் மின்னிலக்க ஒளிபரப்பும்: என் அனுபவம்

சிங்கப்பூரில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை 2017ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்திவிட்டு, மின்னிலக்க ஒளிபரப்புக்கு முழுமையாக மாறுவதாக முதலில் இருந்தது. பிறகு அது 2018 இறுதிக்குத் தள்ளிப்போனது. அந்தக் கூடுதல் ஓராண்டில் பதினொரு மாதங்களை என் பெரியம்மா அசையாமல் கடத்தினார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் கட்டணத் தொலைக்காட்சிச் சந்தா இல்லாத சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு, மின்னிலக்க ஒளிபரப்பைப் பழைய டிவியிலும் பார்க்க உதவும் செட் டாப் பாக்ஸும் உள்ளரங்க ஆன்டெனாவும் இலவசமாகக் கிடைத்தன. அவை வேண்டாமென்றால் புதிய மின்னிலக்கத் தொலைக்காட்சி வாங்க 100 வெள்ளி கழிவு பெறலாம். கழிவையே எடுத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, "படம் நல்லாத்தானப்பா தெரியுது, எதுக்கு இதத் தூக்கிப் போடணும்?" என்று கேட்டார். டிசம்பரில்தான் பெட்டியைப் பொருத்தச் சொல்லி அழைத்தார்.

அவருடையது 14 அங்குலப் படக்குழாய் டிவி. பெட்டியின் பின்புறத்தில் எச்டிஎம்ஐ வெளியீடும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களுக்கான துளைகளும் இருந்தன. டிவியின் பின்புறத்திலோ ஆன்டெனா செருகும் வட்டத்துளை ஒன்றைத் தவிர வேறு எதுவுமே இல்லை. படத்தையும் ஒலியையும் ஆன்டெனா வயரில் வரும் சமிக்ஞையாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் என்றொரு சிறு கருவி இருந்தால் இந்த இரண்டையும் இணைத்துவிடலாம் என்று தெரிந்தும், அதைத் தேடி எந்தக் கடைக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், அலமாரியின் மேல்தட்டில் துணி போர்த்திக் கிடந்த விசிஆர், அதாவது பழைய வீடியோ கேசட் கருவி, கண்ணில் பட்டது. கேசட்டில் உள்ள படத்தை ஆன்டெனா வயர் வழியாகவே பழைய டிவிக்கு அனுப்பியது அந்த விசிஆர்தானே, அதற்குள்ளேயே ஒரு மாடுலேட்டர் இருக்கிறதே என்பது அப்போதுதான் உறைத்தது. செட் டாப் பாக்ஸின் மஞ்சள், வெள்ளை வயர்களை விசிஆரின் உள்ளீட்டில் செருகி, அதன் ஆர்எஃப் வெளியீட்டை டிவியோடு இணைத்து, முன்பு கேசட் பார்த்த எண்ணுக்கு டிவியைத் திருப்பி, விசிஆரை ஏவி உள்ளீட்டுக்கு (அந்த வயர்களில் வருவதைக் காட்டும் நிலைக்கு) மாற்றியதும் பெட்டியின் மெனு திரையில் தெரிந்தது. விசிஆர் ஓடிக்கொண்டிருந்தால்தான் படம் வரும் என்பதால், அன்றிலிருந்து அந்த வீட்டில் ரிமோட்டுகள் மூன்றாயின.

உண்மையில் என்னைப் படுத்தியது ஆன்டெனாதான். சுவரில் இருந்த பழைய கேபிள் இணைப்பு இந்த ஒளிபரப்புக்குப் பயன்படவில்லை. ஆன்டெனாவை டிவிக்குப் பின்னால் வைத்துத் தேடியபோது சில ஒளிவழிகள் மட்டும் கிடைத்தன, தமிழ் ஒளிவழியான வசந்தம் வரவில்லை. மின்னிலக்க ஒளிபரப்பில் பல ஒளிவழிகள் ஒரே அலைவரிசையில் கட்டாக வருகின்றன. ஆகவே ஒரு கட்டு சரியாகக் கிடைத்து, இன்னொன்று கிடைக்காமல் போனால், அதில் உள்ள அனைத்தும் ஒன்றாகவே காணாமல் போய்விடும். அனலாக்கில் சமிக்ஞை குறைந்தால் படத்தில் புள்ளி கூடும், நிழல் விழும், ஆனாலும் செய்தி வாசிப்பவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிடலாம். இங்கேயோ படம் சதுரம் சதுரமாக உடைந்து, ஒலி விக்கி, அடுத்த நொடியில் திரை கறுத்துவிடும். அரைகுறையாகவாவது பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கூடம் முழுவதும் நடந்தேன். பெட்டியின் மெனுவில் வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் உண்டு. வலிமை ஏறினால் போதும் என்று முதலில் தவறாக நினைத்துவிட்டேன். குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்தபோது வலிமை நன்றாகவே இருந்தது, தரப்பட்டை மட்டும் துடித்துத் துடித்து விழுந்தது. கடைசியில் சன்னலோரத்தில், இரும்புக் கம்பிகளிலிருந்து ஒரு சாண் தள்ளி, திரைச்சீலைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பிறகே தரம் நிலையாக நின்றது. மறுபடி தேடச் சொன்னதும் ஏழு ஒளிவழிகளும் வந்து சேர்ந்தன. இடத்தை மாற்றியதும் மறுபடி தேடச் சொல்ல வேண்டும் என்பது தோன்றாமல் முதல் அரை மணி நேரத்தை வீணாக்கியிருந்தேன்.

அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. இப்போதைய நிகழ்ச்சிகள் அகலத்திரைக்காக எடுக்கப்படுவதால், முழுப் படத்தையும் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து 14 அங்குலத் திரை இன்னும் சிறுத்தது. திரையை நிரப்பினால் இரு ஓரங்களும் வெட்டுப்பட்டு, செய்தியின் அடிவரியில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் பாதி பாதியாகத் தெரிந்தன. பெரியம்மா கொஞ்சமும் தயங்காமல் இரண்டாவதையே எடுத்தார். அவருக்கு முகம் பெரிதாகத் தெரிந்தால் போதும், எழுத்தை அவர் எப்போதுமே படித்ததில்லையாம்.

புத்தாண்டு முடிந்து சில நாள்கள் கழித்துப் போனபோது, விசிஆர் ரிமோட்டில் அதை இயக்கும் பொத்தானைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் ஒட்டுநாடா ஒட்டியிருந்தது. படுக்கையறையில் இருந்த இன்னொரு பழைய டிவியைப் போட்டுப் பார்த்தேன். எந்த எண்ணுக்குப் போனாலும் புள்ளியும் இரைச்சலும்தான். "அதுக்கும் ஒரு விசிஆர் கிடைக்குமா?" என்று கூடத்திலிருந்து பெரியம்மா கேட்டார்.