வயதுக்கு ஏற்ற நாடியும் மூச்சும்: நாம் நேரில் கண்டவை

செந்தூலிலிருந்து ஓர் இளம் தந்தை

எங்கள் மகள் பிறந்து வீடு திரும்பிய வாரத்தில், கோவிட் காலத்தில் வாங்கி வைத்திருந்த விரல் கருவியை என் மாமனார் அவளுடைய கால் விரலில் மாட்டிப் பார்க்க, அது நாடி நிமிடத்துக்கு 148 என்று காட்டியதும் வீடே கலங்கிப்போனது. அவர் அறிந்த கணக்கு 60 முதல் 100 வரை என்பதுதான். மறுநாள் சுகாதாரக் கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்த தாதி, பெரியவர்களுக்கான அந்தக் கருவி பச்சைக் குழந்தைக்குப் பொருந்தாது, அது காட்டுவதை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். 142 வந்தது. குழந்தையின் இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தம் மிகக் குறைவு என்பதால் அது வேகமாகத்தான் துடித்தாக வேண்டும் என்றும், விழித்திருக்கையில் 100 முதல் 160 வரை இயல்பு, அழும்போது அதற்கும் மேலே போகும் என்றும் விளக்கினார். தூக்கத்தில் மூச்சு சில விநாடிகள் நின்று பிறகு விரைந்து வருவதும் இந்த வயதில் இயல்புதானாம். ஆனால் அமைதியாக இருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 60-ஐ எட்டினாலோ, நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடல் வெப்பம் 38 டிகிரியைத் தொட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றார். மாமனார் இன்னும் முழுச் சமாதானம் அடையவில்லை என்பது வேறு விஷயம்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற தாதி ஒருவர்

அந்த மாமனாரை நான் குறை சொல்ல மாட்டேன். 60 முதல் 100 என்ற கணக்கு எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அது ஏறத்தாழப் பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு உரியது என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. மூச்சும் அப்படித்தான். இரண்டு வயதுப் பிள்ளை நிமிடத்துக்கு 30 முறை மூச்சு விட்டால் கவலையில்லை. 12 முதல் 20 வரை இயல்பாக உள்ள பெரியவருக்கு அதே 30 வந்தால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இருமலோடு வரும் பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவை நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம்: இரண்டு மாதத்துக்குள் 60, ஓராண்டுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இவற்றை எட்டினாலே அது வேக மூச்சு. சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும்.

பணிக்காலத்தில் கண்ட ஒரு பையனைச் சொல்கிறேன். வயது பதினான்கு, டிங்கி காய்ச்சல், நோய் தொடங்கி ஐந்தாம் நாள். வெப்பம் 37.1-க்கு இறங்கியிருந்தது. "காய்ச்சல்தான் விட்டுருச்சே மிஸி, இன்னும் ஏன் இங்க உட்கார வைக்கறீங்க?" என்று அவன் தாய் பையைத் தோளில் மாட்டியபடியே கேட்டார். நாடியைப் பிடித்தால் 124, கை சில்லென்று இருந்தது, இரத்த அழுத்தம் 104/86. மேல் அளவை மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 40 இருக்க வேண்டிய இடத்தில் 18தான் இருந்தது. டிங்கியில் காய்ச்சல் தணியும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். அதை ஈடுகட்ட நாடி விரையும், குழாய்கள் இறுகும், கீழ் அளவு மேலேறி இடைவெளி சுருங்கும். அது 20 அல்லது அதற்கும் கீழே போனால் உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராத அதிர்ச்சி நிலை (ஷாக்) தொடங்கிவிட்டது என்று பொருள். மேல் அளவும் சரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். டாக்டர் உடனே டிரிப் ஏற்றச் சொன்னார், பையன் பிழைத்துக்கொண்டான். டிங்கி உள்ள வீட்டில் வெப்பமானியை மட்டும் நம்புவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் பழக்கம்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து, தாயைப் பராமரிக்கும் ஒரு மகள்

என் அம்மாவுக்கு வயது 79. இதயத் துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரோலால் மாத்திரை எடுப்பதால் அவருடைய நாடி எப்போதும் 56, 58 என்றுதான் இருக்கும்; உடல் வெப்பமும் 36.1-ஐ ஒட்டியே நிற்கும். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் சாப்பாட்டை ஒதுக்கினார், பேச்சும் சற்றுத் தடுமாறியது. வெப்பம் 37.4, நாடி 78. காகிதத்தில் எல்லாமே இயல்பு. கிளினிக் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வழக்கமா எவ்வளவு இருக்கும்?" என்பதே. நான் சொன்னதும், வெப்பம் வழக்கத்தைவிட ஒரு டிகிரிக்கு மேல் கூடியிருப்பதும், மாத்திரை அடக்கி வைத்திருந்தும் நாடி இருபது ஏறியிருப்பதும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. மூச்சை எண்ணினார்: 26. எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது.

அதுவரை இரத்த அழுத்தத்தையும் நாடியையும் எழுதி வந்த நோட்டில் மூச்சுக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். எண்ணுகிறேன் என்று தெரிந்தால் அம்மாவின் மூச்சு தானாகவே மாறிவிடுகிறது. அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணுகிறேன். இந்த உத்தியை அங்கிருந்த தாதிதான் சொல்லிக் கொடுத்தார்.