மறு: மறு: ஆறு சிலிண்டர் வண்டிக்கு நைட்ரஸ் சாமான், தமிழ்ல பேரு வைக்கிறது பத்தி

எல்லாருக்கும் வணக்கம்,

மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு போட்டெல்லாம் எறங்கிருச்சு, பட்டறையில கை கொஞ்சம் ஓஞ்சிருக்கு, அதான் இந்த இழையை மேலருந்து கீழ வரைக்கும் படிச்சேன். கீழக்கரை காக்கா (அண்ணன்) கேட்டது, சார்ஜாவுல அவருகிட்ட நிக்கிற நிசான் பேட்ரோலுக்கு (4.8 லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை) நைட்ரஸ் (இஞ்சின் பவரைக் கூட்ட உள்ள விடுற நைட்ரஸ் ஆக்சைடு கேஸ்) மாட்ட என்னென்ன சாமான் எடுக்கணும், அதைத் தமிழ்ல எப்படிக் குறிச்சு வைக்கிறதுன்னு. பேட்ரோல் பெட்ரோல்ல ஓடுதுன்னு எழுதுறதே ஒரு தொல்லை, அதை விடுங்க. மடல் மேல மடலா வந்திருக்கு, ஆனா சாமானை யாரும் தொடல, பேரை மட்டும் உருட்டிக்கிட்டு இருக்கோம். ஊர்ல இருக்குற பசங்க இதைப் பாத்துட்டு வீட்டு வண்டில மாட்டக் கெளம்பிராதீங்க, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கு, கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த முடியாது.

> "எரிவளித் தொகுதி"

நைட்ரஸ் கிட்டுக்கு இந்தப் பேரு வேணாங்க. நைட்ரஸ் எரியாது. 300 டிகிரி பக்கம் சூடாகும்போது பிரிஞ்சு ஆக்சிஜனை விடும், அவ்வளவுதான். எடைக்கு எடை பாத்தா அதுல ஆக்சிஜன் 36 சதவீதம், காத்துல 23, அதனால கூடுதலா பெட்ரோல் எரிக்க முடியுது, பவர் வர்றது அந்தப் பெட்ரோல்லருந்துதான். எரிவளின்னு எழுதி வச்சா படிக்கிற பையன் கேஸைக் கூட்டுனா போதும்னு பெட்ரோலை மறந்துருவான், பிஸ்டன் போறது அங்கதான். சில பேரு சொல்ற "நாஸ்" ஒரு கம்பெனி பேரு. நைட்ரஸ்னே இருக்கட்டும்.

> "உருளை"

ஆறு உருளை வண்டிக்கு எத்தனை உருளை வாங்கணும்? பாத்தீங்களா. இஞ்சின்ல இருக்குறதும் உருளை, கேஸ் அடைச்சு வர்றதும் உருளை. சிலிண்டர்னு சொன்னாலும் இதே கதைதான். இஞ்சின்ல இருக்குறது சிலிண்டராவே இருக்கட்டும், கேஸ் அடைச்சது குடுவை.

குடுவைன்ன உடனே காக்காவுக்கு ஒண்ணு சொல்லிர்றேன். கடையில 10 பவுண்டு குடுவையோட ஹீட்டரும் சேத்து விப்பான், குளிர் நாட்டுக்காரனுக்கு அது வேணும், ஏன்னா குடுவை அழுத்தம் 900லருந்து 1000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரைக்கும் இருந்தாத்தான் கணக்கு சரியா வரும், அதுக்குக் குடுவை 30 டிகிரி பக்கம் இருக்கணும். நம்ம சித்திரை வெயில்லயும் சரி, சார்ஜாவுலயும் சரி, அந்தக் கவலையே கிடையாது, கவலையெல்லாம் நேர் எதிர்ல. 36.4 டிகிரியத் தாண்டுனா நைட்ரஸ் திரவமா நிக்காது, அழுத்தம் கிடுகிடுன்னு ஏறும், உள்ள போற அளவு மாறிப்போகும், நேத்து சரியா இருந்த கலவை இன்னைக்கு மத்தியானம் சரியா இருக்காது. ஹீட்டர் காசை மிச்சம் பண்ணி நல்ல அழுத்த மீட்டரும் குடுவைக்கு ஒரு உறையும் வாங்குங்க, வெயில் படாத எடமாப் பாத்து வைங்க. குடுவை வாய்ல அழுத்தம் மிஞ்சுனா கிழியுற தகடு ஒண்ணு இருக்கும், அதுக்கு ஒருத்தர் "கலுங்கு"ன்னு வச்சிருந்தாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கலுங்குல மட்டத்துக்கு மேல வந்த தண்ணி வழியும், மட்டம் எறங்குனா நின்னுரும், கண்மாயில தண்ணி கெடக்கும். இந்தத் தகடு கிழிஞ்சா குடுவை மொத்தமும் காலி. உடைதகடு போதும். குடுவை வண்டிக்குள்ள இருந்தா உடைதகட்டுலருந்து வெளிய ஒரு குழாய் கட்டாயம் விடணும், மூடுன வண்டிக்குள்ள அந்தக் கேஸ் நிறைஞ்சா மூச்சுக்குக் காத்து இருக்காது.

சொலினாய்டு வால்வுக்கு "மின்மடை". கரண்டு குடுத்தா தொறக்கும், நிறுத்துனா மூடும். கேஸ்மடை ஒண்ணு, பெட்ரோல்மடை ஒண்ணு.

ஜெட்டுக்கு "தாரை" வேணாம். தாரைங்கிறது வெளிய வர்றது, நம்ம கையில எடுத்து மாட்டுறது நடுவுல ஓட்டை போட்ட சின்னத் துண்டு. வலைக்குக் கண்ணளவு சொல்ற ஊர்ல இதுக்கு வேற பேரா? அளவுக்கண். 60 கண்ணுன்னா அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சா அதுல 60 பங்கு அகலம். ஒரே நாசில்ல (தெளிக்கிற முனையில) 60 கண்ணு போட்டிருந்தவன் அதை ஆறு நாசிலாப் பிரிக்கும்போது ஆளுக்குப் பத்துன்னு வகுத்தா ஆறுல ஒரு பங்குதான் போகும், ஓட்டையோட பரப்பைத்தான் வகுக்கணும், அகலத்தை இல்ல, கணக்கு போட்டா 24, 25 பக்கம் வரும்.

இனி நான் சண்டை போட வந்த எடம். டிரை கிட்டுக்கு "உலர் தொகுதி", பெட்ரோல் பத்தாத லீன் கலவைக்கு "மெலிந்த கலவை", இல்லாட்டி "வறள் கலவை"ன்னு போட்டிருக்கீங்க. உலர், வறள் ரெண்டையும் பக்கத்துல வச்சா டிரை கிட்டுன்னா பெட்ரோல் கம்மியாப் போறதுன்னுதான் எவனும் நெனப்பான். அப்படி இல்லங்க, டிரை கிட்லயும் பெட்ரோல் கூடத்தான் போகும், வண்டியோட சொந்த இஞ்செக்டர் வழியாப் போகும், நாசில்ல கேஸ் மட்டும் வரும். வெட் கிட்ல ரெண்டும் நாசில்லயே சேந்து வரும். கூட்டுத்தெளிப்பு, கேஸ்தெளிப்புன்னு வச்சா எது எங்கருந்து வருதுன்னு பேரே சொல்லிரும்.

"மெலிந்த" எனக்குப் பயமாவே இருக்கு. மண்டபத்துலயும் பாம்பன்லயும் கை பழகுனவனெல்லாம் டீசல்காரன், ஆறு சிலிண்டர் லேலண்டு இஞ்சின்ல வளந்தவன். டீசல்ல எண்ணெய் கூடுனாத்தான் சூடு, கரும்புகை, கம்மியாப் போனா இஞ்சின் குளுகுளுன்னு இருக்கும். அவன்கிட்ட போயி கலவை மெலிஞ்சிருக்குன்னு சொன்னா நல்லதுதானேம்பான். நைட்ரஸ் போட்ட பெட்ரோல் இஞ்சின்ல அது அப்படியே தலைகீழ், பெட்ரோல் கொறஞ்ச நிமிஷம் சூடு ஏறி, நாக்கிங் (கலவை நேரங்கெட்டு வெடிச்சுத் தட்டுறது) புடிச்சு, பிஸ்டன் தலை உருகும். எடைக்கணக்குல காத்துக்கு 14.7க்கு ஒண்ணு பெட்ரோல் போதும், நைட்ரஸுக்கு 9.6க்கு ஒண்ணு வேணும். கலவையில என்ன இல்லைங்கிறதைப் பேரு சொல்லணும். பட்டறையில பெட்ரோல் பத்தலன்னுதான் சொல்வோம், பத்தாக்கலவைன்னு வைங்க.

"டைரக்ட் போர்ட்"டை நேரடித் துறைமுகம்னு போட்டவரை நேர்ல பாத்து டீ வாங்கிக் குடுக்கணும். சிலிண்டர் ஒவ்வொண்ணு வாசல்லயும் ஒரு நாசில், ஆக ஆறு நாசில். நீட்டு இஞ்சின்ல ஒரே நாசில்ல கேஸும் பெட்ரோலும் சேத்து விட்டா பெட்ரோல் வழியிலயே தேங்கும், எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே பங்கு போகாது, எது பத்தாக்கலவையில ஓடுதோ அது மொதல்ல சாகும். வாசல்தெளிப்புன்னு வைக்கலாம்.

மண்டபத்திலிருந்து

---

தம்பிக்கு,

நல்லா எழுதியிருக்கீங்க, படிச்சு முடிச்சதும் எனக்கே ஒரு குடுவை வாங்கலாமான்னு தோணிருச்சு, என் வண்டி டிவிஎஸ்ங்கிறதால விட்டுட்டேன். வாசல்தெளிப்பு வச்சா காலையில கோலம் போடுறதுக்கு முன்னாடி நடக்குற வேலைன்னு எங்க வீட்டுல சொல்றாங்க, ஆனா அதனாலயே மறக்காதுங்கிறது என் கட்சி.

மின்மடையில ஒரு கேள்வி. சொலினாய்டுன்னா கம்பிச்சுருள் மட்டும்தான், பிள்ளைக பள்ளிக்கூடத்துல வரிச்சுருள்னு படிச்சுட்டு வர்றாங்க. மடைங்கிறது வால்வு. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா சுருள் கருகிப்போனா என்னன்னு எழுதுவீங்க? பத்தாக்கலவையை எழுத்துல பற்றாக்கலவைன்னு போட்டுக்கலாம், பற்றாக்குறை இருக்கிறதால யாருக்கும் புரியும். "மெலிந்த" முன்மொழிஞ்சதே நான்தான்னாலும் டீசல் கணக்கு சொன்னதுக்கப்புறம் அதைப் பிடிச்சுத் தொங்க மனசில்ல.

ராமநாதபுரத்திலிருந்து

---

வாத்தியாரய்யா,

கடையில சாமான் முழுசாத்தான் வரும், சுருளைத் தனியா யாரும் கேக்குறதில்ல. மொத்தமா மின்மடை, கருகுனா மின்மடையோட வரிச்சுருள் போச்சுன்னு எழுதிக்கலாம், உங்க சொல்லும் நின்னுரும். பற்றாக்கலவை சம்மதம்.

காக்கா, உங்களுக்கு இது. கம்பெனியிலருந்து வந்தபடியே இருக்குற ஆறு சிலிண்டருக்கு 75லருந்து 100 குதிரைத்திறன் வரைக்கும்தான் கூட்டப் பாக்கணும், அதுக்கு மேல ஆசை இருந்தா பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாத்தையும் மாத்திட்டுப் பேசுவோம். மொதல் தடவையே ஆறு வாசல்லயும் ஓட்டை போடாதீங்க, இந்தச் சின்ன அளவுக்கு ஒரே நாசில் போட்டு, பெட்ரோலை அந்தந்த இஞ்செக்டரே குடுக்குற கேஸ்தெளிப்பு போதும், தேங்குற பிரச்சனையும் வராது, ஆனா ஈசியூவை (இஞ்சினோட கம்ப்யூட்டரை) திருத்தத் தெரிஞ்ச ஆள் அங்க இருக்கணும். அவரை வச்சே 50 குதிரைக்கு 2 டிகிரிங்கிற கணக்குல இக்னிஷனை (ப்ளக்ல பொறி விழுற நேரத்தை) பின்னால இழுங்க, ப்ளக் ஒரு படி குளிர்ச்சியானது, பங்க்ல கெடைக்கிறதுலயே ஆக்டேன் கூடுன பெட்ரோல். ஆக்சிலேட்டர் முழுசா மிதிச்சாலும் நிமிஷத்துக்கு 3000 சுத்துக்கு மேலதான் மடை தொறக்குற மாதிரி சுவிட்ச் கட்டுங்க, கீழ்ச்சுத்துல விட்டா ராடு வளையும். பெட்ரோல் அழுத்தம் எறங்குனா கேஸ்மடையைத் தானா மூடுற சுவிட்ச் ஒண்ணு இருக்கு, அதை வாங்காம வேற எதையும் வாங்காதீங்க. அதுக்கு இந்த இழையில யாருமே பேரு வைக்கல, நான் "மடைக்காவல்"னு போட்டு வைக்கிறேன், யாருக்காச்சும் ஒத்து வரலன்னா அடுத்த மடல்ல திட்டுங்க.