ஃபிளிண்ட் நகரின் ஈயமும் நம் வீட்டு ஈயச்சொம்பும்

அரியக்குடி ஆசிரியை: அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் குடிநீர் கெட்டது அரசின் அலட்சியத்தால் அன்று, மக்களை ஒழிக்க வேறு ஏதோ நஞ்சைக் கலந்துவிட்டு ஈயத்தின்மேல் பழி போட்டார்கள் என்று செக்காலைவாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "நம் அப்பத்தாக்கள் ஈயச்சொம்பில் ரசம் வைத்தார்களே, யாருக்கு என்ன ஆயிற்று?" என்பதுதான் அவர் காட்டிய சான்று. ஈயச்சொம்பு வெள்ளீயம் (டின்), ஃபிளிண்ட் குழாய்களில் இருந்தது காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகம். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில், டெட்ராய்ட் வழியாக வந்த ஏரி நீரை விட்டுவிட்டு ஃபிளிண்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டை அதில் சேர்க்கவில்லை. பழைய குழாய்களுக்குள் படிந்திருந்த காப்புப் படலம் கரைந்து, காரீயம் பிள்ளைகளின் குவளைக்கே வந்து சேர்ந்தது.

செக்காலைவாசி: ஆச்சி, வெள்ளை, கறுப்பு என்று பிரித்துப் பாடம் நடத்த வேண்டாம். எங்கள் வீட்டு ஈயச்சொம்பு இன்றும் இருக்கிறது; அதில் வைத்த ரசத்தைச் சாப்பிட்ட எங்கள் ஐயா 90 வயது வரை இருந்தார். என் கேள்விக்கு விடை சொல்லுங்கள். இயந்திர பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2014 அக்டோபரிலேயே அந்த நீரைக் கைவிட்டு வேறு நீருக்கு மாறியது. மக்களுக்குப் பழைய ஏரி நீர் திரும்பியதோ 2015 அக்டோபரில். இரும்புக்கே ஆகாத நீரை ஓராண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களை வெறும் அலட்சியக்காரர்கள் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

தேவகோட்டையார்: ஈயச்சொம்பு கும்பகோணத்துப் பக்கத்துப் பழக்கம். நம் வீடுகளில் இருந்தது ஈயம் பூசிய பித்தளை. பூசுகிறவர் வாசலில் குழி தோண்டித் துருத்தி வைத்து, காய்ந்த குண்டானில் நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தேய்த்துத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால், வெண்புகைக்கு நடுவே மஞ்சள் பித்தளை வெள்ளியாகிவிடும். அதில் காரீயத்தைக் கலந்து ஏமாற்றியவர்களும் உண்டு. அதை ஆசிரியை சொல்லவில்லை.

அரியக்குடி ஆசிரியை: கலப்படம் செய்தவனைப் பற்றி நான் பேசவில்லை, சொம்பைப் பற்றிப் பேசினேன். அது வெள்ளீயம்தான். ஆலையின் இரும்பை அரித்தது ஆற்று நீரில் மிகுந்திருந்த குளோரைடு. அதே அரிப்புத்தான் வீட்டுக் குழாயிலும் நடந்தது. அப்போது நகரை நடத்தியவர் ஆளுநர் அமர்த்திய அவசர நிர்வாகி; மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. 2015 ஜனவரியில், குழாய் நீர் பாதுகாப்பானது என்று மக்களிடம் சொல்லிக்கொண்டே, அங்கிருந்த மாநில அரசு அலுவலகத்துக்குத் தனியாகக் குடிநீர் வாங்கி வைத்தார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் ஏறியிருப்பதை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா அந்தச் செப்டம்பரில் கணக்கோடு காட்டியபோதும், முதலில் மறுத்தார்கள். இதையெல்லாம் மர்ம நஞ்சு என்று சொல்லி மூடினால், கையெழுத்திட்டவர்கள் தப்பித்துவிடுவார்கள். என் கோபம் அதற்குத்தான்.

செக்காலைவாசி: அலுவலகத்துக்குத் தனி நீர் வாங்கியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். தெரிந்து செய்தால் அது திட்டம். 2021இல் முன்னாள் ஆளுநர் ரிக் ஸ்னைடர் மீது வழக்குப் போட்டார்கள். குற்றம் சாட்டிய முறை செல்லாது என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்ல, அதுவும் விழுந்தது. ஈயம் கொல்லாது. கொன்றது வேறு.

சம்பை ஊற்றுக்காரன்: ஃபிளிண்டில் லெஜியோனெல்லா என்ற நுண்கிருமியால் 12 பேர் இறந்தார்கள், அதற்குப் பெயர் உண்டு, மர்மம் இல்லை. அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. உலோக அரிப்பை ஆராய்வது அதன் முக்கியப் பணிகளுள் ஒன்று. அந்த ஊரில் இருந்துகொண்டு குழாய் அரிப்பை நம்பாதது வெட்கக்கேடு.

தேவகோட்டையார்: எதை எடுத்தாலும் காரைக்குடிப் பெருமை! ஊருணி தூர்வாரும் விவாதத்திலும் இவர் இப்படித்தான் எங்கள் ஊரைக் கீழே வைத்தார், நான் மறக்கவில்லை.

அரியக்குடி ஆசிரியை: ஊர்ச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். செக்காலைவாசி, காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. இதை மட்டுமாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

செக்காலைவாசி: ஈயம் ஈயம்தான். நாளை எங்கள் வீட்டுச் சொம்பைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

அரியக்குடி ஆசிரியை: போடுங்கள். அது வெள்ளீயம்.